ஒரு துண்டு பதம் போதாது

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் முதன்முதலாக ஆப்பிளை வேகவைத்தேன். நாலு ஆப்பிள், பட்டை, கிராம்பு, கொஞ்சம் வெண்ணெய், சர்க்கரை. இதில் என்ன இருக்கிறது என்ற தெனாவட்டு. என் மனதில் இருந்த படம் இதுதான்: பிறை பிறையாக நறுக்கிய துண்டுகள், ஓரம் கெடாமல், மேலே பழுப்புப் பாகு மினுங்க, முள்கரண்டி பட்டதும் வழிவிடுகிற மாதிரி. மூடியைத் திறந்தால், துண்டு என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. பாத்திரம் முழுக்க மஞ்சளாக ஒரு கூழ். அதற்கு நடுவில் மூன்று கிராம்பு மட்டும் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடா இது, ஜாமா?"

"ஆமாக்கா, ஜாம்தான்" என்றேன். வேறு என்ன சொல்ல?

அடுத்த தடவை உஷாராகிவிட்டேன். கடையில் இருந்ததிலேயே கெட்டியான பச்சை ஆப்பிளாகப் பார்த்து வாங்கினேன். தீயைக் குறைத்தேன். சர்க்கரையை இன்னும் இரண்டு கரண்டி கூட்டி, ஆரம்பத்திலேயே கொட்டினேன். பத்து நிமிடம், பதினைந்து, இருபது. இருபத்தைந்தாவது நிமிடத்தில் பாகு சுண்டி அடிப்பிடிக்கப் போனதே தவிர, துண்டுகள் அசைந்து கொடுக்கவில்லை. ஒன்றைக் கடித்தால் நறுக்கென்றது. வெளியே மிட்டாய், உள்ளே பச்சை. "ஜாம் எவ்வளவோ தேவலைடா" என்றாள் அக்கா.

இரண்டு தடவையும் பார்த்துச் செய்தது ஒரே சமையல் குறிப்புதான். ஒரு தடவை தீயைக் குறை சொன்னேன், மறு தடவை பாத்திரத்தை. குற்றவாளி அந்தக் குறிப்பின் முதல் வரியிலேயே உட்கார்ந்திருந்தது எனக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை. "ஆப்பிள் - 4" என்று போட்டிருந்தது. எந்த ஆப்பிள் என்று போடவில்லை.

அதற்கப்புறம் எத்தனையோ தடவை செய்துவிட்டேன். வேகவைத்த ஆப்பிள் என்றால் எல்லோரும் மசாலாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பட்டை எவ்வளவு, ஜாதிக்காய் உண்டா என்று. மசாலா கடைசி. அது தப்பினால் சரிசெய்துவிடலாம். பழம் தப்பினால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் பழத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஆப்பிளைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும், பார்த்திருப்பீர்கள். காரணம், அதன் கன அளவில் ஏறக்குறைய கால் பங்கு காற்று. எடையில் சுமார் 85 சதவீதம் தண்ணீர். பச்சை ஆப்பிள் துண்டு வெள்ளை வெளேரென்று இருப்பதற்கும் இந்தக் காற்றுதான் காரணம். செல்களுக்கு இடையில் மாட்டிக்கொண்ட பொடிப்பொடிக் குமிழ்கள் வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன. சூடேறியதும் காற்று வெளியேறி, அந்த இடத்தில் சாறு நிரம்பும். துண்டு ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கண்ணாடி மாதிரி மாறிக்கொண்டே வரும். அடுப்புப் பக்கத்திலேயே நின்று ஒரு தடவை இதைப் பாருங்கள். முதலில் விளிம்பில் நூல் தடிமனுக்கு ஒரு தெளிவு. அப்புறம் அது அகலமாகும். நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு மட்டும் பாக்கி இருக்கும், மேகம் மாதிரி. அந்தத் திட்டும் கரைந்த நிமிடத்திலிருந்து உங்களுக்கு அவகாசம் கொஞ்சம்தான். என்னிடம் டைமர் இருக்கிறது, ஆனால் நான் பார்ப்பது இந்த வெள்ளைத் திட்டைத்தான்.

அந்த அவகாசம் எவ்வளவு என்பதுதான் ரகத்துக்கு ரகம் வேறுபடுகிறது. செல்லையும் செல்லையும் ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பசை. சூட்டில் அது இளகிக் கரைகிறது. சில ரகங்களில் மெதுவாக, சில ரகங்களில் கண்மூடித் திறப்பதற்குள். பசை போய்விட்டால் செல்கள் கூட்டம் கலைந்த மாதிரி ஆளுக்கொரு பக்கம் போய்விடும். அதுதான் கூழ்.

சரி, புளிப்பான ஆப்பிள் நிற்கும், இனிப்பான ஆப்பிள் குழையும் என்று ஒரு சுலபமான விதி உண்டே என்பீர்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். கிரானி ஸ்மித்தை வைத்துப் பார்த்தால் விதி சரிதான். புளிப்பு, நன்றாக நிற்கும். ஆனால் பிராம்லி என்று ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் சமைப்பதற்கென்றே வளர்க்கும் ஆப்பிள், அப்படியே கடித்தால் முகம் சுளிக்க வைக்கும் புளிப்பு. அதை அடுப்பில் வைத்தால் நிமிடங்களில் பஞ்சு மாதிரி உப்பிக் குழைந்துவிடும். ஆக, புளிப்பு ஒரு கணக்கு, பசை வேறு கணக்கு. மறுபக்கம், கோல்டன் டெலிஷியஸ் இனிப்பான ரகம், ஆனால் துண்டு ஓரளவு மரியாதையாக நிற்கும். மெக்கின்டாஷ் நிற்கவே நிற்காது. ரெட் டெலிஷியஸ் பார்வைக்கு ராஜா. வேகவைத்தால் ருசியும் போய், தொட்டால் மாவு மாவாக உதிரும். என் முதல் ஞாயிற்றுக்கிழமைக் கூழ் அதுதான் என்று இப்போது சந்தேகிக்கிறேன். ஹனிகிரிஸ்ப், பிங்க் லேடி, ப்ரேபர்ன் மூன்றும் நம்பலாம். ஃபுஜி, காலா இரண்டும் குழைவதைவிட, புளிப்பு போதாமல் சப்பென்று போவதுதான் அதிகம். எலுமிச்சை கூடுதலாகக் கேட்கும்.

இந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஒரு விசேஷம் இருக்கிறது. ஆப்பிள் விதையை நட்டால் அதே ஆப்பிள் வராது. ஒவ்வொரு விதையும் புது ரகம், பெரும்பாலும் உருப்படாத ரகம். பிடித்த மரத்தின் கிளையை வெட்டி இன்னொரு வேரில் ஒட்டுக்கட்டித்தான் பெருக்க வேண்டும். அதனால் உலகில் எங்கே கிரானி ஸ்மித் வாங்கினாலும் அது ஒரே மரத்தின் நீட்சி. ஆஸ்திரேலியாவில் சிட்னிக்குப் பக்கத்தில் ஈஸ்ட்வுட்டில், மரியா ஆன் ஸ்மித் என்ற பாட்டி 1868-ல் தன் நிலத்தில் தானாக முளைத்த கன்றைக் கவனித்திருக்கிறார். இரண்டே வருடத்தில் காலமாகிவிட்டார். பெயராவது அவருடையதாகவே நின்றது. பிராம்லி கதையில் அதுவும் இல்லை. 1809-ல் சவுத்வெல் என்ற ஊரில் விதையை நட்டது மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி. பின்னால் அந்த வீட்டை வாங்கிய மேத்யூ பிராம்லி என்ற இறைச்சிக் கடைக்காரர், ஒட்டுக்கட்டக் கிளை கேட்டு வந்தவரிடம், "எடுத்துக்கொள், ஆனால் என் பெயரை வை" என்றாராம். நட்டவள் ஒருத்தி, பெயர் வாங்கியவர் ஒருவர். ஆப்பிளுக்கும் இந்த நியாயம்தான்.

ஒரே மரம் என்பதற்காக ஒரே மாதிரி வேகும் என்று எண்ணிவிடக் கூடாது. பறித்த ஆப்பிளைக் குளிரில், ஆக்ஸிஜன் குறைத்த அறைகளில் மாதக்கணக்கில் வைத்திருந்து விற்கிறார்கள். நாள் ஆக ஆகப் புளிப்பு குறையும், பசையும் தளரும். அறுவடை மாதத்தில் பத்து நிமிடம் நின்ற ரகம், ஆறு மாதம் கழித்து ஆறு நிமிடத்தில் சாய்ந்துவிடும். கையில் எடுத்துக் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் துண்டுக்கு. கொஞ்சம் அமுங்கினால் கூழுக்கு.

கூழ் என்று தாழ்வாகச் சொல்லிவிட்டேன். வேண்டுமென்றே செய்தால் அதுவும் அருமையான பொருள். அது பின்னால் வருகிறது.

இப்போது சமையல். நாலு நடுத்தர ஆப்பிள், மொத்தம் 800 கிராம் போல. தோலும் விதைப் பகுதியும் போனால் 650 கிராம் மிஞ்சும். குறுக்காக ஒன்றை வெட்டிப் பாருங்கள், நடுவில் ஐந்து இதழ் நட்சத்திரம் தெரியும். ஐந்தும் விதை அறைகள். அந்த அறைகளின் சுவர் நகம் மாதிரி, எவ்வளவு வேகவைத்தாலும் மசியாது. பல்லில் மாட்டும். அதனால் கஞ்சத்தனம் பார்க்காமல் தாராளமாகவே வெட்டி எடுத்துவிடுங்கள்.

தோல் சீவுவதா வேண்டாமா என்று இரண்டு கட்சி உண்டு. நான் சீவும் கட்சி. தோலோடு வேகவைத்தால் சதை வெந்து சுருங்கும், தோல் சுருங்காது. கழன்று காகிதம் மாதிரி சுருண்டு வாயில் தனியாகத் தட்டுப்படும். ஆனால் சீவிய தோலைக் குப்பையில் போடாதீர்கள். சிவப்பு ஆப்பிளாக இருந்தால் அந்தத் தோலை அரை டம்ளர் தண்ணீரில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து வடிகட்டினால் ரோஜா நிறத்தில் ஒரு நீர் கிடைக்கும். பெக்டினும் தோலிலும் விதைப் பகுதியிலும்தான் அதிகம். அந்த நீரைப் பாகில் சேர்த்தால் நிறமும் வரும், பாகு கெட்டிப்படவும் உதவும். முதல் தடவை இதைச் செய்தபோது ஏதோ பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்த மாதிரி வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

துண்டின் தடிமன் ஒரு சென்டிமீட்டர். அதைவிட மெல்லிசானால் பதம் வந்த நிமிடமும் போன நிமிடமும் ஒன்றாகிவிடும். தடிமன் சீராக இருப்பது அதைவிட முக்கியம். ஒரு முனை தடியாக, மறு முனை இலை மாதிரி நறுக்கினால், தடித்த முனை வேகும்போது மெல்லிய முனை கரைந்திருக்கும். இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து வைத்துக்கொண்டு, நறுக்க நறுக்கப் புரட்டிவிடுங்கள். வெட்டிய ஆப்பிள் கறுப்பது காற்றும் அதன் நொதியும் சேர்ந்து செய்கிற வேலை. எலுமிச்சை இரண்டு விதத்தில் அதைத் தடுக்கிறது, புளிப்பாலும் வைட்டமின் சியாலும். வெந்தபின் எப்படியும் பழுப்பாகத்தானே போகிறது, எதற்கு இந்த வேலை என்று கேட்டால், நியாயம்தான். நிறத்துக்காக நான் எலுமிச்சை விடவில்லை. பட்டையும் வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்தால் வாயில் ஒரு திகட்டல் வரும், அதை வெட்டுவதற்கு.

சர்க்கரை எப்போது? என் இரண்டாவது தோல்வியின் விடை இங்கே இருந்தது. கெட்டியான பாகில் வேகும் பழம் குழையாது. சர்க்கரை செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கிறது, சுற்றிலும் உள்ள தண்ணீரையும் தன் பக்கம் பிடித்து வைத்துக்கொள்கிறது. பசை கரைவதற்கு வேண்டிய தண்ணீர் கிடைப்பதில்லை. நான் என்ன செய்தேன்? ஏற்கனவே விறைப்பான ஆப்பிளை எடுத்து, ஆரம்பத்திலேயே சர்க்கரையைக் கொட்டி, அது குழைந்துவிடாமல் காவல் போட்டுவிட்டு, ஏன் வேகவில்லை என்று பக்கத்தில் நின்று புலம்பிக்கொண்டிருந்தேன். இந்தக் காவலையே நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். இளகிய ரகமா, சர்க்கரையை முன்னால் போடுங்கள். விறைத்த ரகமா, பாதி வெந்த பிறகு போடுங்கள். கூழ்தான் வேண்டுமா, சர்க்கரை இல்லாமல் வெறும் தண்ணீரில் வேகவைத்து, மசித்த பிறகு கலந்துகொள்ளுங்கள். ஒரே பழத்தை மூன்று விதமாக நடத்த இது ஒன்று போதும்.

அளவு 50 கிராம், அதாவது நாலு மேசைக்கரண்டி. பழுப்புச் சர்க்கரையானால் லேசான கருகல் மணம் கூடவே வரும். பழம் ரொம்ப இனிப்பு என்றால் 30 கிராமே போதும். ஒரு சிட்டிகை உப்பு கட்டாயம். விட்டுப்போனால் என்ன குறைகிறது என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ குறையும்.

பாத்திரம் அகலமாக, அடி கனமாக இருக்கட்டும். எவர்சில்வர் அல்லது எனாமல். பழகிய இரும்பு வாணலி எனக்கு உயிர், ஆனால் ஆப்பிளின் புளிப்பு அதோடு ஒத்துப்போகாது. பாகு கறுத்து, நாக்கில் ஆணியை நக்கின மாதிரி ஒரு ருசி வரும். ஆணியை நக்கியதில்லை, சும்மா சொல்கிறேன்.

25 கிராம் வெண்ணெயை உருக்கி, நுரை அடங்கும் நேரத்தில் பட்டைத் தூளைப் போடுங்கள். கடைசியில் மேலே தூவுவதில்லை, முதலிலேயே வெண்ணெயில். பட்டையின் மணம் சின்னமால்டிஹைடு என்ற பொருளிலிருந்து வருகிறது; அது கொழுப்பில் இறங்குகிற அளவுக்குத் தண்ணீரில் இறங்காது. தூளைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும், திரளும், கொஞ்ச நேரத்தில் வழவழவென்று ஆகும். வெண்ணெயில் போட்டால் அரை நிமிடத்தில் வீடு முழுக்க மணக்கும். அந்த அரை நிமிடத்துக்கு மேல் விட்டால் கசக்கும். மணம் வந்ததும் ஆப்பிளைச் சேர்த்துவிட வேண்டும். ஆப்பிளில் இருக்கும் ஈரம் சூட்டைத் தணித்துவிடும்.

அப்புறம் மூடி போட்டு, சிம்மில் நாலைந்து நிமிடம். தண்ணீர் ஊற்ற வேண்டாம். எலுமிச்சைச் சாற்றோடு ஒட்டியிருக்கும் ஈரமும் பழம் விடும் சாறுமே போதும். மூடியைத் திறந்தால் துண்டுகள் சாற்றில் பாதி மூழ்கியிருக்கும். இனி மூடி வேண்டாம். தீயை நடுத்தரமாக்கி, கரண்டியால் கிளறாமல் பாத்திரத்தைப் பிடித்து ஒரு குலுக்கு. வெந்துகொண்டிருக்கும் ஆப்பிளுக்குக் கரண்டிதான் எமன்.

இங்கேதான் பதம் பார்ப்பது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானையில் இருப்பதெல்லாம் ஒரே மாதிரி அரிசி, ஒரே தண்ணீரில் மூழ்கியிருக்கிறது, அதனால் அந்தப் பழமொழி செல்லும். ஆப்பிள் பாத்திரத்தில் செல்லாது. நாலு ஆப்பிள் என்றால் நாலு வயது, சில சமயம் நாலு ரகம். ஒரு துண்டைக் குத்திப் பார்த்துவிட்டு "வெந்துவிட்டது" என்று இறக்கினால், அது அந்த ஒரு ஆப்பிளைப் பற்றிய செய்தி மட்டுமே. நான் இப்போதெல்லாம் நறுக்கும்போதே ஒவ்வொரு பழத்தின் துண்டையும் பாத்திரத்தின் ஒரு மூலையில் போடுகிறேன். குலுக்கினாலும் ஓரளவுக்கு அந்தந்த இடத்திலேயே இருக்கும். பதம் பார்க்கும்போது ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒரு துண்டு. கத்தி நுனி உள்ளே வழுக்கிப் போய், வெளியே எடுக்கும்போது துண்டு கத்தியோடு தூக்கிக்கொண்டு வராமல் கீழே நழுவினால் வெந்துவிட்டது. தூக்கிக்கொண்டு வந்தால் இன்னும் இரண்டு நிமிடம்.

வெந்த துண்டுகளை முதலில் எடுத்துத் தட்டில் வையுங்கள். பாத்திரத்தில் மிஞ்சும் சாற்றை மட்டும் தீயைக் கூட்டிக் கொதிக்கவிட்டு, கரண்டியின் பின்புறத்தில் ஒட்டும் அளவுக்குச் சுண்ட வைத்து மேலே ஊற்றலாம். கார்ன்ஃபிளார் கரைத்து ஊற்றிக் கெட்டியாக்குவது பலர் செய்வது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பழத்திலிருந்து இறங்கிய பெக்டினே அந்த வேலையை, அதைவிடப் பளபளப்பாகச் செய்துகொடுக்கும்போது, மாவுக் கலங்கல் எதற்கு? ஆனால் கம்பிப் பதம் வரை போகவிடாதீர்கள். ஆறினால் இன்னும் இறுகும்.

விருந்தாளி வருகிறார்கள், துண்டு ஒன்றுகூட உடையக் கூடாது என்றால் ஒரு வித்தை இருக்கிறது. நறுக்கிய 650 கிராம் துண்டுகளின் மேல் ஒரு லிட்டர் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, மூடி, பத்து நிமிடம் விடுங்கள். இரண்டும் கலந்து சூடு 65-லிருந்து 70 டிகிரி செல்சியஸ் வாக்கில் நிற்கும். அந்தச் சூட்டில் ஆப்பிளுக்குள்ளேயே இருக்கும் ஒரு நொதி சுறுசுறுப்பாகி பெக்டினை மாற்றி அமைக்க, அது பழத்தில் இருக்கும் கால்சியத்தோடு கைகோத்து இறுகிக்கொள்ளும். பிறகு கொதி நிலைக்கே போனாலும் சட்டென்று கலையாது. டப்பாவில் அடைத்து விற்கும் ஆப்பிள் துண்டுகளில் கால்சியம் குளோரைடு சேர்ப்பதும் இதே காரணத்துக்குத்தான். வித்தை அருமையாக வேலை செய்கிறது, ஆனால் ருசியில் கொஞ்சம் அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது. வீட்டு ஆட்களுக்கு நான் இதைச் செய்வதில்லை.

சரி, மசாலாவுக்கு வருவோம். 650 கிராம் பழத்துக்கு நான் போடுவது: பட்டைத் தூள் முக்கால் தேக்கரண்டி, கிராம்பு மூன்று, ஜாதிக்காய் துருவியில் நாலு இழுப்பு. சில நாள் ஒரு சிட்டிகை சுக்குத் தூள். அவ்வளவுதான். ஐந்தாறு மசாலாவை ஒன்றாகக் கொட்டினால் எல்லாம் சேர்ந்து ஒரே 'மசாலா வாடை' ஆகிவிடும், ஆப்பிள் எங்கே என்று தேட வேண்டும்.

பட்டையில் இரண்டு சாதி. இலங்கைப் பட்டை மெல்லிசாக, பல அடுக்குச் சுருளாக இருக்கும். விரலால் நசுக்கினாலே நொறுங்கும். காசியா தடியாக, ஒரே சுருளாக, உடைக்கவே கை வலிக்கும். மணம் தூக்கலாக இருப்பது காசியாதான், கடைத் தூளில் பெரும்பாலும் இருப்பதும் அதுதான். ஆனால் அதில் கூமரின் என்ற பொருள் கணிசமாக உண்டு, இலங்கைப் பட்டையில் மிகமிகக் குறைவு. அதிகமானால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும் என்பதால், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அளவு வைத்திருக்கிறது. 60 கிலோ ஆளுக்கு 6 மில்லிகிராம். எப்போதாவது ஒரு கிண்ணம் ஆப்பிள் சாப்பிடுகிறவர் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தினமும் காலையில் ஓட்ஸில் கரண்டி கரண்டியாகப் போடுகிறவர் இலங்கைப் பட்டைக்கு மாறிக்கொள்வது நல்லது.

கிராம்பில் ஒரு ஆபத்து இருக்கிறது. அது வெந்த பழத்துக்குள் ஒளிந்துகொள்ளும். யாராவது கடித்தார்கள் என்றால் அதில் இருக்கும் யூஜெனால் என்ற பொருள் நாக்கை மரத்துப்போக வைத்துவிடும், அப்புறம் எந்த இனிப்பும் அவர்களுக்கு இல்லை. என் மகள் ஒரு தடவை அப்படிக் கடித்துவிட்டு, "அப்பா, என் நாக்கைக் காணோம்" என்று அழுதாள். அன்றிலிருந்து மூன்று கிராம்பையும் தடித்த ஆப்பிள் தோல் துண்டு ஒன்றில் ஆணி அடித்த மாதிரி குத்திப் போடுகிறேன். கடைசியில் தோலை எடுத்தால் மூன்றும் கூடவே வந்துவிடும். எண்ணிப் பார்த்துத்தான் பரிமாறுகிறேன். ஏலக்காய் போட ஆசையிருந்தால், இறக்கிய பிறகு போடுங்கள், அதன் மணம் கொதியில் பறந்துவிடும். இஞ்சியைவிடச் சுக்கு காரம் கூடுதல். காயும்போது இஞ்சியில் உள்ள காரப் பொருள் அதைவிடக் காரமான இன்னொன்றாக மாறிவிடுகிறது. எனவே இஞ்சிக்குப் பதில் சுக்கு என்றால் அதே அளவு போட்டுவிடாதீர்கள்.

கூழ் விஷயம் பாக்கி இருக்கிறது. மெக்கின்டாஷ் மாதிரி ரகமோ, கூடையில் தளர்ந்துபோன பழங்களோ கையில் இருந்தால், அவற்றைத் துண்டாக நிறுத்தப் போராடுவதில் அர்த்தமில்லை. கால் டம்ளர் தண்ணீரில் மூடி வேகவைத்து, கரண்டியாலேயே மசித்து, சர்க்கரை, பட்டை, உப்பு சேர்த்து இறக்கினால் ஆப்பிள் சாஸ். அதையே சிம்மில் மணிக்கணக்காக, செங்கல் நிறம் வரும்வரை சுண்ட வைத்தால் ஆப்பிள் பட்டர். பெயரில்தான் வெண்ணெய், உள்ளே ஒரு துளி கிடையாது. வெண்ணெய் மாதிரி ரொட்டியில் தடவலாம் என்பதால் வந்த பெயர். முதல் ஞாயிற்றுக்கிழமை என் கூழை இரண்டு மணி நேரம் அடுப்பிலேயே மறந்திருந்தால் அதுவே ஆகியிருக்கும். சுண்டும்போது அது எரிமலை மாதிரி குபுக் குபுக்கென்று தெறிக்கும், புறங்கை பத்திரம்.

ஓவனில் வைப்பவர்கள் 180 டிகிரியில் அரை மணி நேரம், பாதியில் ஒரு தடவை புரட்டி. மைக்ரோவேவில் ஒரு ஆப்பிள் மூன்று நான்கு நிமிடத்தில் வெந்துவிடும். ஒரு ஆளுக்கு, ராத்திரி பத்து மணிக்குத் திடீர் ஆசை வந்தால், அதுதான் சரி. பிரஷர் குக்கரைப் பற்றிக் கேட்காதீர்கள். மூடியைத் திறந்து பதம் பார்க்க முடியாத பாத்திரத்தில் எனக்கு வேலை இல்லை.

மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் நாலைந்து நாள் தாங்கும். மறுநாள்தான் ருசி இன்னும் கூடும். பட்டை துண்டின் நடுவரை இறங்கியிருக்கும். ஃபிரீசரில் வைத்தால் சில மாதம் கெடாது, ஆனால் உருகும்போது துண்டு இன்னும் கொஞ்சம் தளரும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுப்பில் ஒரு ஈடு இருக்கிறது. மூன்று பழம், இரண்டு பிங்க் லேடி, மூன்றாவது எந்த ரகம் என்று ஒட்டுச்சீட்டு இல்லாத, பச்சையில் மஞ்சள் கலந்த ஒன்று. அக்கா வந்து மூடியைத் தூக்கி, கைக்கு எட்டிய மூலையில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "வெந்துடுச்சுடா, இறக்கு" என்றாள். மற்ற இரண்டு மூலையிலும் குத்திப் பார்த்தேன். ஒன்று வழுக்கியது. பச்சை மஞ்சள் மூலையில் துண்டு கத்தியோடு அப்படியே தூக்கிக்கொண்டு வந்தது. பிங்க் லேடி இரண்டையும் தட்டுக்கு மாற்றிவிட்டேன். அக்கா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டாள். பாத்திரத்தில் ஏழு துண்டு பாக்கி, ஒவ்வொன்றின் நடுவிலும் அந்த வெள்ளைத் திட்டு.